பி1 சான்றிதழுக்குள் அடங்காத ஜேர்மன்

டவுனுக்குள் சைக்கிளில் ஒரு சுற்றுப் போய்வந்தால் ஜேர்மன் வகுப்பு விளம்பரம் நாலைந்தாவது கண்ணில் படும். மின்கம்பத்தில், மதிலில், ட்யூட்டரி வாசலில். ‘மூன்று மாதத்தில் ஏ1’, ‘பி1 நிச்சயம்’. நானும் அப்படி ஒன்றைப் பார்த்துத்தான் போய்ச் சேர்ந்தேன். மேல்மாடி, இரண்டு மின்விசிறி, 16 பேர். முதல் நாள் மிஸ் எல்லாரையும் வரிசையாக எழுப்பி, ஏன் ஜேர்மன் படிக்க வந்தீர்கள் என்று கேட்டா. ஐந்து அக்காமார் கலியாணம் முடித்து அங்கே போக இருக்கிறார்கள். குடும்ப விசாவுக்கு ஏ1 காட்ட வேண்டும். நாலைந்து தம்பிமார் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி. இரண்டு பேர் தாதியர். என்னுடைய முறை வந்தது. “லாண்ட்ஷாஃப்ட்ஸ்ப்ளானுங் படிக்கப் போறன்” என்றேன். முதல்நாள் இரவே பத்துத் தரம் சொல்லிப் பார்த்துவிட்டு வந்த சொல் அது. வகுப்பு அப்படியே அமைதி. பிறகு பின் வாங்கிலிருந்து ஒரு தம்பி மெல்லக் கேட்டான்: “அக்கா, அது கார்டின் வேலையோ?”

வீட்டிலும் இதே கதைதான். அம்மா சொன்னா, “பூங்கண்டு நடவோ பிள்ளை ஜேர்மனிக்குப் போறாய்? இஞ்ச வளவுக்க நடன், ஆர் வேண்டாம் எண்டது?”

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்ல எனக்கே ஒரு வருசம் எடுத்தது. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். புவியியல் படிக்கிற, மொறட்டுவையில் நிலத்தோற்றக் கட்டடக்கலையோ நகரத் திட்டமிடலோ படிக்கிற, அடுத்தது ஜேர்மனி என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிற ஆட்கள் இதை வாசிப்பார்கள் என்று நினைக்கிறேன். நான் சொல்ல வருவது இதுதான்: திட்டமிடல் படிக்கப் போகிறவருக்கு பி1 வரைக்கும் படிக்கிற ஜேர்மன் கடவுச்சீட்டு மாதிரி, எல்லையைக் கடக்க உதவும். தொழிலுக்குள் நுழைய வேறொரு ஜேர்மன் இருக்கிறது. அதை இங்கிருந்தே தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும்.

முதலில் எல்லாரும் கேட்கிற கேள்வி: “இங்கிலிசிலயே படிக்கலாம்தானே?” படிக்கலாம். பேர்ன்பூர்க்கில் உள்ள அன்ஹால்ட் உயர்கல்லூரியில் நிலத்தோற்றக் கட்டடக்கலை முதுமாணி ஆங்கிலத்தில் இருக்கிறது. நியூர்ட்டிங்கன்-கைஸ்லிங்கனும் வைஹென்ஸ்டெஃபான்-ட்ரீஸ்டோர்ஃபும் சேர்ந்து ஒரு சர்வதேச முதுமாணி நடத்துகின்றன. டோர்ட்முண்டில் ‘ஸ்ப்ரிங்’ என்ற திட்டமிடல் கற்கைநெறி, ஒரு வருடம் அங்கே, ஒரு வருடம் வேறொரு நாட்டில். இவை எல்லாம் நல்ல வழிகள்தான், நானும் விண்ணப்பிக்கிற எண்ணத்தில் இருக்கிறேன். நாங்கள் கூடிக் கதைக்கிற நேரமெல்லாம் இந்தப் பட்டியலும், ப்ளொக்ட் எக்கவுண்டில் காட்ட வேண்டிய காசும் (2024 செப்டெம்பரில் வருடத்துக்கு 11,904 யூரோவாக ஏறியது) தான் பேச்சு. மொழி பற்றிக் கதைத்தால் ‘எத்தனையாம் லெவல் கேக்கிறாங்கள்?’ என்பதோடு முடிந்துவிடும்.

எங்கள் பீடத்தில் படித்த அக்கா ஒருவர் இப்படி ஆங்கில வழியில்தான் போனார். படிப்பு நல்லாப் போகிறது. பகுதிநேரமாக ஒரு திட்டமிடல் அலுவலகத்தில் வேலையும் கிடைத்தது. ஆனால் ஆறு மாதமாக அவருக்குக் கொடுத்த வேலை, வரைபடங்களுக்கு நிறம் தீட்டுவதும் மரங்களுக்கு இலக்கம் போடுவதும்தான். நகரசபையிலிருந்து வருகிற கடிதம், சட்டப் பிரிவு, ஊர் மக்களின் ஆட்சேபனை எல்லாம் ஜேர்மனில். கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார்களாம், மூலையில் இருந்து குறிப்பெடுப்பது மாதிரி நடிப்பாராம். வாட்ஸ்அப்பில் சொன்னார்: “எனக்கு எல்லா சொஃப்ட்வெயரும் தெரியும்டி. ஆனா அந்த நிலத்தில என்ன நடக்கப் போகுது எண்டு முடிவெடுக்கிற வசனம் எனக்கு விளங்கேல்ல.”

இந்த வசனம் என் மண்டைக்குள் அப்படியே நின்றுவிட்டது. இயந்திரப் பொறியியல் படிக்கிறவருக்கு சமன்பாடு எந்த நாட்டிலும் ஒன்றுதான். நிலத்தைத் திட்டமிடுகிறவருக்கு அப்படியில்லை. நிலம் ஒரு சட்டத்துக்குள், ஒரு ஊரின் பேச்சுக்குள் இருக்கிறது. ‘லாண்ட்ஷாஃப்ட்ஸ்ஆர்ஹிடெக்ட்’ என்ற பட்டம்கூட அங்கே சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. மாநிலத்தின் கட்டடக்கலைஞர் சபையில் பதிந்த ஆளே அந்தப் பெயரைப் போடலாம். வேலையும் ‘ஹோவாய்’ என்று சுருக்கிச் சொல்கிற கட்டண ஒழுங்கில் 9 கட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது. அடிப்படைத் தகவல் திரட்டுவதில் தொடங்கி, வரைவு, அனுமதி, கேள்விப்பத்திரம், வேலைத்தள மேற்பார்வை என்று போய், வேலை முடிந்த பிறகான பராமரிப்பில் முடியும். ‘இப்ப எந்தக் கட்டத்தில நிக்கிறம்?’ என்பதுதான் அலுவலகத்தில் அன்றாடக் கேள்வி. பி1 புத்தகத்தில் இதில் ஒரு சொல்கூட வராது. புத்தகத்தைக் குறை சொல்லவில்லை, அது பாணும் பட்டரும் வாங்க, வீடு வாடகைக்கு எடுக்க எழுதிய புத்தகம்.

சரி, சொற்பட்டியல் ஒன்றை எடுத்துப் பாடமாக்கினால் போதாதா? நானும் முதலில் அதைத்தான் செய்தேன். சிஆர் கொப்பி ஒன்றில் இடப்பக்கம் ஜேர்மன், வலப்பக்கம் ஆங்கிலம். 200 சொல் எழுதி முடிக்க ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

அவுஸ்க்ளைஹ், எர்ஸாட்ஸ். இந்த இரண்டு சொல்லுக்கும் ஃபோனில் உள்ள மொழிபெயர்ப்பு ‘இழப்பீடு’ என்ற ஒரே மாதிரிப் பதிலைத் தந்தது. நானும் இரண்டுக்கும் நேரே ‘நட்டஈடு’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டேன். பிறகுதான் ஜேர்மனியின் இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தைத் தட்டுத்தடுமாறி வாசித்தேன். 1976இல் வந்த அந்தச் சட்டத்தில் ‘ஐன்க்ரிஃப்’ என்றொரு எண்ணக்கரு இருக்கிறது. வீதி போடுகிறீர்கள், தொழிற்சாலை கட்டுகிறீர்கள் என்றால் இயற்கைக்குள் நீங்கள் ‘கை வைக்கிறீர்கள்’. கை வைக்கிறவருக்கு வரிசையாகக் கடமைகள் உண்டு. முதல் கடமை, தவிர்க்கக்கூடிய பாதிப்பைத் தவிர்ப்பது. தவிர்க்க ஏலாதது என்றால் அவுஸ்க்ளைஹ் அல்லது எர்ஸாட்ஸ். அழிந்த ஈரப்புல்வெளி செய்த வேலையை அதே வகையாகத் திரும்ப உருவாக்கினால் அது அவுஸ்க்ளைஹ். அதே வகை இல்லாமல், அதற்குச் சமமான பெறுமதி உள்ள ஒன்றை அதே இயற்கைப் பிரதேசத்துக்குள் வேறெங்காவது உருவாக்கினால் அது எர்ஸாட்ஸ். இரண்டும் முடியாது, ஆனாலும் அந்தத் திட்டம் முக்கியம் என்று தீர்மானித்தால் மட்டும்தான் கடைசியாகக் காசு வருகிறது. என் கொப்பியில் நான் முதலாவதாக எழுதியது சட்டத்தில் கடைசியாக நிற்கிறது!

எங்கள் ஊர் வீதியை அகலிக்கிறபோது நின்ற வாகை மரங்கள் எல்லாம் போயின. கொஞ்சநாள் கழித்து வேறொரு இடத்தில் மரக்கன்று நட்டுப் படம் எடுத்தார்கள். ‘வெட்டினதுக்குப் பதிலா நட்டாச்சுத்தானே’ என்று எல்லாரும், நானும்தான், சமாதானமானோம். அந்த நிழலில் வைத்து இளநீர் விற்ற ஐயாவுக்கு அது அவுஸ்க்ளைஹும் இல்லை, எர்ஸாட்ஸும் இல்லை. இந்த இரண்டு சொல்லும் தெரிந்திருந்தால் மரம் தப்பியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘எங்கே நட்டீர்கள், அந்த மரம் செய்த எந்த வேலையை இது செய்யும்?’ என்றாவது கேட்டிருப்பேன்.

ஒரு விசயம் கவனியுங்கோ. தமிழில் இந்த வித்தியாசத்தைச் சொல்ல முடியாது என்றில்லை. ‘ஈடுசெய்தல்’ ஒன்று, ‘பதிலீடு’ இன்னொன்று. ஏஎல்லில் பொருளியல் செய்த எல்லாரும் ‘இறக்குமதிப் பதிலீடு’ என்று எழுதியிருக்கிறோம். சொல் கையில் இருந்தது. ஆங்கிலம் ஊடாகப் போனபடியால் இரண்டும் ஒன்றாய்க் கலங்கிவிட்டன.

இன்னொரு உதாரணம், இன்னும் சின்னது. ‘ஸோல்’ என்ற துணைவினை. மிஸ் படிப்பித்த உதாரணம்: டொக்டர் சொன்னவர், நான் நிறையத் தண்ணி குடிக்கோணும். யாரோ சொன்னதைச் செய்ய வேண்டும் என்ற அளவுக்குத்தான் எங்களுக்கு அது விளங்கியது. செய்தால் நல்லது, செய்யாட்டிலும் ஒன்றுமில்லை. ஆனால் ஜேர்மன் சட்டத்தில் ஒரு வசனம் ‘ஸோல்’ என்று சொன்னால், சாதாரண நிலைமையில் அதிகாரி அதைச் செய்தே ஆக வேண்டும். வழமைக்கு மாறான நிலைமை இருந்தால்தான் விலகலாம். ‘கன்’ என்று இருந்தால் அவருடைய தற்றுணிபு. ஆக, ஒரு குளக்கரையோ ஒரு மரவரிசையோ தப்புமா இல்லையா என்பது ஏ1 முடிப்பதற்குள் நாங்கள் படித்துவிட்டுத் தாண்டிப்போகிற துணைவினையில் தொங்கிக்கொண்டிருக்கலாம். இதனால்தான் ‘பொது ஜேர்மன் தெரியும், மிச்சம் தானா வரும்’ என்ற பேச்சை நான் நம்புவதில்லை. தெரிந்த சொல்தான் கூட ஏமாற்றும். தெரியாத சொல்லுக்கு அகராதியைப் பார்ப்போம், தெரிந்த சொல்லுக்கு யார் பார்க்கிறார்கள்?

மக்கள் பங்கேற்பு பற்றி எங்கள் விரிவுரைகளில் நிறையக் கதைக்கிறோம். ஜேர்மன் கட்டடச் சட்டக்கோவையில் அது இரண்டு சொல்லாக இருக்கிறது. ஒன்று அவுஸ்லேகுங். விரித்து வைத்தல். ஒரு பகுதிக்கான கட்டுமானத் திட்டத்தின் (பெபவுங்ஸ்ப்ளான் என்ற முழுப்பெயரை யாரும் சொல்வதில்லை, ‘பே-ப்ளான்’ தான்) வரைவை ஒரு மாதம், குறைந்தது 30 நாள், எல்லாரும் பார்க்க வைக்க வேண்டும். முன்பு நகரசபை மண்டபத்தில் மேசையில் விரித்து வைப்பார்கள்; இப்போது இணையத்திலும் போட வேண்டும். யாரும் தன் கருத்தை எழுதிக் கொடுக்கலாம். இரண்டாவது அப்வேகுங். தராசுக்கு ‘வாகெ’ என்பார்கள், அதே குடும்பத்துச் சொல். வந்த பொதுநலன், தனிநலன் எல்லாவற்றையும் நியாயமாக நிறுத்துப் பார்க்க வேண்டும். நிறுக்கவே இல்லை, அல்லது முக்கியமான ஒன்றைத் தட்டில் போடாமல் விட்டுவிட்டார்கள் என்று காட்டினால் நீதிமன்றம் திட்டத்தையே செல்லாமல் ஆக்கலாம். ‘பங்கேற்பு’ என்று கேட்கிறபோது எனக்கு முன்பு நினைவு வந்தது கதிரை போட்டு, மைக் வைத்து, தேத்தண்ணி குடுக்கிற கூட்டம். இப்போது ஒரு தராசு நினைவு வருகிறது.

பேர்லினில் டெம்பல்ஹோஃப் விமான நிலையம் 2008இல் மூடப்பட்டது. 2010இல் அதன் ஓடுபாதைகளோடு சேர்த்து மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஏறத்தாழ 300 ஹெக்டயர், நகரத்துக்கு நடுவே. ஓரங்களில் வீடு கட்ட நகர அரசு திட்டம் போட்டது. பேர்லினில் வீட்டுத் தட்டுப்பாடு உண்மையானது, அது வீண் திட்டமும் இல்லை. 2014 மே 25இல் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் கட்ட வேண்டாம் என்ற பக்கம் வென்றது. அந்த இடத்துக்குப் பெயர் இன்றைக்கும் டெம்பல்ஹோஃபர் ஃபெல்ட். பூங்கா என்று இல்லை. ‘ஃபெல்ட்’, வயல், வெளி. எங்கள் ஊர்களில் ‘வெளி’ என்று சொல்கிறோமே, அதே மாதிரி. வாக்குப் போட்டவர் எல்லாரும் திட்டமிடல் படித்தவர்கள் இல்லை. ஆனால் அந்த விவாதத்தில் வாய் திறக்க விரும்பிய வெளிநாட்டு மாணவர் யாருக்கும் இங்கிலிசு மட்டும் போதியிருக்காது.

சொற்களுக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. எனக்குப் பிடித்தது ‘ப்ராஹெ’. பழைய விவசாயச் சொல். மூன்று வயலில் ஒன்றை ஒரு வருடம் விதைக்காமல் ஆறவிடுவார்கள், அது ப்ராஹெ. எங்கட தரிசு. பிறகு தொழிற்சாலை மூடிய நிலம், தண்டவாளம் கைவிட்ட நிலம் எல்லாவற்றுக்கும் அந்தச் சொல் வந்தது. மேற்கு பேர்லின் மதிலுக்குள் அடைபட்டுக் கிடந்த காலத்தில் ஹெர்பர்ட் ஸுக்கோப் என்ற தாவரவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் நகரத்துக்கு வெளியே உள்ள நாட்டுப்புறத்துக்குப் போய் ஆராய வழியில்லாமல், நகரத்தின் இடிபாடுகளிலும் ப்ராஹெக்களிலும் என்ன முளைக்கிறது என்று பார்த்தார்கள். எதிர்பாராத அளவுக்குத் தாவரங்கள் இருந்தன. நகரச் சூழலியல் என்ற துறையே பெரும்பாலும் அந்த வேலையில் வளர்ந்தது. ஷோனெபெர்கில் 1952இல் கைவிட்ட ரயில் முற்றம் ஒன்று தானாகக் காடாகி, 2000இல் இயற்கைப் பூங்காவாகத் திறந்தது. தண்டவாளத்துக்கு நடுவே பேர்ச் மரம் நிற்கும் படங்களைத் தேடிப் பாருங்கோ. ‘ஒன்றுமில்லாத நிலம்’ என்ற பொருளில் இருந்த சொல், ‘எதையோ வைத்திருக்கிற நிலம்’ என்று மாற ஒரு தலைமுறை வேலை தேவைப்பட்டது.

அழுக்கான வரலாறும் உண்டு, அதை மறைத்துவிட்டு மொழி படிப்பிக்கக் கூடாது. புவியியல் மாணவர்களுக்கு ராட்ஸல் தெரியும். அவர் 1901இல் ‘லேபன்ஸ்ரவும்’ என்று ஒரு கட்டுரை எழுதினார். வாழிடம் என்று அர்த்தம். நாஸிகளின் கையில் அது கிழக்கு ஐரோப்பாவைப் பிடித்து, அங்கிருந்தவர்களைத் துரத்தியும் கொன்றும் ஜேர்மனியரைக் குடியேற்றுவதற்கான சொல்லாயிற்று. ‘கெனெரால்ப்ளான் ஓஸ்ட்’ என்ற அந்தத் திட்டத்தைத் தயாரித்தது கொன்ராட் மேயர் என்ற விவசாயப் பேராசிரியரின் குழு. ஹைன்றிஹ் வீப்கிங்-யூர்கென்ஸ்மன் என்ற நிலத்தோற்றப் பேராசிரியரும் இந்த வேலையில் முன்னணியில் நின்றவர். பிடித்த நிலத்தின் தோற்றத்தை எப்படி ‘ஜேர்மன்’ ஆக்குவது என்று 1942இல் ஒரு விதிமுறையே வெளியிட்டார்கள். வேலி, மரம், ஊர் அமைப்பு எல்லாம் அதில் இருந்தன. போர் முடிந்த பிறகு இந்த இருவரும் ஹனோவரில் பேராசிரியர்களாக இருந்து அடுத்த தலைமுறைக்குப் படிப்பித்தார்கள்.

இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. மரம் நடுவதும் வேலி போடுவதும் இவ்வளவு மென்மையான வேலைகள் என்று நினைத்துக்கொண்டுதானே இந்தத் துறைக்கு ஆசைப்பட்டேன். திட்டம், குடியேற்றம், அபிவிருத்தி என்ற சொற்கள் வரைபடத்தில் எவ்வளவு சாதுவாக இருக்கும், நிலத்தில் எப்படி இருக்கும் என்று இந்த நாட்டில் பிறந்த எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. இன்றைக்கும் ஐரோப்பிய இயற்கைப் பாதுகாப்பு ஆவணங்களின் ஜேர்மன் வடிவத்தில் ‘லேபன்ஸ்ரவும்’ சாதாரண அறிவியல் சொல்லாக, தவளைக்கும் புல்லுக்கும் வாழிடம் என்ற பொருளில் வருகிறது. அதில் பிழையில்லை. ஆனால் ஒரு கூட்டத்தில் அந்தச் சொல்லை மனிதர்களைப் பற்றி வாய் தவறிச் சொன்னால் என்ன நடக்கும் என்று ஒரு மாணவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொற்பட்டியல் அதைச் சொல்லித் தராது.

சரி, அப்ப எப்படிப் படிக்கிறது? நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். நான் நிபுணி இல்லை, பி1 சோதனைக்கே இன்னும் போகவில்லை.

முதலாவது, படத்திலிருந்து தொடங்குங்கோ. ஜேர்மன் நகரங்கள் பல தங்கள் பே-ப்ளான்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. வரைபடக் குறியீடுகள் நாடு முழுவதற்கும் ஒரு விதிமுறைப்படி இருப்பதால் ஒரு நகரத்தின் குறிவிளக்கத்தைப் படித்தால் மற்றதும் விளங்கும். புவியியல் மாணவருக்கு வரைபடம் பழக்கமான பொருள். அதில் உள்ள 30 சொல் ஒரு கிழமையில் ஒட்டிவிடும். வரைபடத்தோடு ‘பெக்ரியுண்டுங்’ என்று ஒரு விளக்க அறிக்கை இருக்கும், ஏன் இப்படித் திட்டமிட்டோம் என்று. அதில் ஒரு பக்கத்தை ஒரு கிழமை வைத்து வாசியுங்கோ.

இரண்டாவது, நீளச் சொல்லைக் கண்டு பயப்பட வேண்டாம். ‘ஃப்ளெஹென்நுட்ஸுங்ஸ்ப்ளான்’ என்று பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. பின்னாலிருந்து உடையுங்கோ: ப்ளான், நுட்ஸுங், ஃப்ளெஹெ. திட்டம், பயன்பாடு, நிலப்பரப்பு. ‘நிலப்பயன்பாட்டுத் திட்டம்’ என்று நாங்களும் ஒட்டித்தானே எழுதுகிறோம். தமிழ் எழுதுகிறவருக்கு இந்த மொழியில் ஒட்டுச்சொல் புதினமே இல்லை.

மூன்றாவது, ஊர்ப்பேச்சையும் காதில் போடுங்கோ. ரூர் பிரதேசத்தில் எம்ஷர் ஆறும் அதன் கிளைகளும் நூறு வருடத்துக்கு மேலாகத் திறந்த கழிவு வாய்க்கால்களாக இருந்தன. அதைத் திருத்தி முடித்து 2021 முடிவில்தான் ஆற்றில் கழிவுநீர் ஓடாமல் செய்தார்கள். திட்ட அறிக்கையில் அது ‘எம்ஷர் மீளமைப்பு’. அங்குள்ள ஆச்சிமார் அந்த வாய்க்காலைச் சொல்வது ‘க்யோட்டல்பெக்கெ’ என்று. தமிழ்ப்படுத்தினால் இந்தப் பக்கத்தில் போட மாட்டார்கள், மலம் மிதக்கிற ஓடை என்று நாகரிகமாகச் சொல்லலாம். அறிக்கை வாசிக்கத் தெரிந்து, ஆச்சி சொல்வது விளங்காவிட்டால் நீங்கள் பாதித் திட்டமிடலாளர்தான்.

அங்கே பல பல்கலைக்கழகங்களின் மொழி நிலையங்களில் துறைசார் ஜேர்மன் வகுப்புகள் நடக்கின்றன. போனபிறகு பார்ப்பம் என்று விட்டால் முதல் வருடம் முழுக்க அந்த அக்கா மாதிரி மூலையில் இருக்க வேண்டிவரும். எங்கள் வகுப்பு மிஸ்மாரிடமும் ஒரு வேண்டுகோள்: ஏ2 முடிய, தாதியருக்கு வைத்தியசாலைச் சொற்கள் சொல்லிக் கொடுப்பது மாதிரி, மற்றவர்களுக்கும் கிழமைக்கு அரை மணித்தியாலம் தன் துறைப் பக்கம் ஒன்றைக் கொண்டுவந்து வாசிக்க விடுங்கோ. நீங்கள் எல்லாத் துறையும் தெரிந்திருக்கத் தேவையில்லை. இலக்கணத்தைத் திருத்தினால் போதும்.

இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு ஒரு நண்பன் கேட்டான்: “எங்கட நாட்டுத் திட்டம் ஒண்டையே தமிழில முழுசா வாசிச்சிருக்க மாட்டாய். சிங்களமும் ஒழுங்கா வராது. அதுக்குள்ள ஜேர்மன் சட்டமோ?” குத்தியது. அவன் சொல்வதில் பெரும்பகுதி சரி. என் மறுமொழி இவ்வளவுதான்: ஜேர்மன் படிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு அந்த வெட்கமே வந்தது.

அது எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். அவுஸ்க்ளைஹில் பட்ட அடிக்குப் பிறகு என் கொப்பியில் மூன்றாவது நிரல் ஒன்று போட்டேன்: எங்கட ஊர்ச்சொல். ‘ரெட்டென்ட்ஸியோன்ஸ்ஃப்ளெஹெ’ என்ற சொல்லுக்கு நேரே அது வெறுமையாகக் கிடந்தது. வெள்ளத் தண்ணீரைத் தாங்கி வைத்து, மெல்ல விடுகிற நிலம். அப்பப்பாவிடம் கேட்டேன்.

“மாரியில தண்ணி நிண்டு வத்திற நிலத்துக்கு என்னெண்டு சொல்லுறது அப்பப்பா?”

“தரவையெண்டுதான். ஏன், உனக்குத் தெரியாதே? பள்ளிக்கூடத்துக்குப் பின்னால கிடக்கிறதென்ன?”

“அது மாடு மேய்க்கிற இடமெல்லோ?”

“கோடையில மாடு. மாரியில தண்ணி. அது வேண்டாட்டி அந்தத் தண்ணி உன்ர வீட்டுக்கதான் வரும்.”

போன வருடம் களப்பயிற்சிக்காக எங்கள் பிரதேசத்தின் நிலப்பயன்பாட்டு வரைபடம் ஒன்று வரைந்தேன். நல்ல புள்ளி கிடைத்தது. அந்தத் தரவைக்கு நான் மண்ணிறம் தீட்டி ‘தரிசு / பயன்படுத்தப்படாத நிலம்’ என்று போட்டிருக்கிறேன். சுண்ணாம்புக்கல் மேலே இருக்கிற, வருடம் முழுக்க ஓடுகிற ஆறில்லாத ஒரு குடாநாட்டில், மழைத்தண்ணி நின்று நிலத்துக்குள் இறங்குகிற இடத்தைப் ‘பயன்படுத்தப்படாத நிலம்’ என்று எழுதியது நான்தான், வேறு யாருமில்லை. நாளைக்கு ஒருவர் என் வரைபடத்தைப் பார்த்து ‘இஞ்ச சும்மா கிடக்கிற காணி இருக்கு’ என்று மண் கொட்டி நிரப்பினால் அதற்கு ஆதாரம் என் கையெழுத்தில் இருக்கும்.

தரவை, கலட்டி, புலம், பிட்டி, வெளி, கூடல் என்று அப்பப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். ஒவ்வொன்றும் மண்ணையும் தண்ணியையும் பற்றி ஏதோ சொல்கிறது. இவை ஊர்ப்பெயரிலும் காணி உறுதியிலும் இருக்கின்றன. எங்கள் வரைபடக் குறிவிளக்கத்தில் இல்லை.

ஆகவே அம்மாவின் கேள்விக்கு என் பதில்: பூங்கண்டு நடப் போகவில்லை அம்மா. நிலத்தைப் பற்றி முடிவெடுக்கிற வசனத்தை வாசிக்கப் பழகப் போகிறேன், முதலில் அவர்களுடைய மொழியில், பிறகு எங்களுடைய மொழியில் அப்படியொன்று எழுதவும். போவேனா, விசா வருமா, ப்ளொக்ட் எக்கவுண்டுக்குக் காசு சேருமா என்பதெல்லாம் வேறு கதை. போகாவிட்டாலும் அந்த மூன்றாவது நிரல் என்னிடம் இருக்கும்.

அந்த நிரலில் இன்னும் நிறைய இடம் வெறுமையாக இருக்கிறது. உங்கள் ஊரில், வன்னியிலோ மட்டக்களப்பிலோ மன்னாரிலோ மலையகத்திலோ, தண்ணி நிற்கிற நிலத்துக்கும் ஆறவிட்ட நிலத்துக்கும் என்ன சொல்வார்கள் என்று வீட்டில் வயசான ஆட்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கோ. ஜேர்மன் தெரியத் தேவையில்லை.